கிருமி அடங்கிவிட்டது, சிடி4 மட்டும் ஏன் ஏறவில்லை?

கேள்வி: எனக்கு வயது 36. ஓர் அறுவை சிகிச்சைக்கு முன்னால் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அப்போது சிடி4 287, அதாவது 17 சதவீதம். வைரல் லோடு 92,000. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த மாத்திரையை உடனே ஆரம்பித்தார்கள். ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை. ஆறு மாதம் கழித்து எடுத்ததில் வைரல் லோடு ‘கண்டறியப்படவில்லை’ என்று வந்தது. ஆனால் சிடி4 341தான், 23 சதவீதம். அந்த வாரம் சளியும் காய்ச்சலும் இருந்தன. மருந்து எனக்கு வேலை செய்யவில்லையா? மனைவியைத் தவிர விஷயம் தெரிந்தவர் என் அண்ணன் மட்டும்தான். எதிர்ப்புச் சக்தி கூடும் என்று ஒரு சத்து மாத்திரை டப்பா வாங்கித் தந்திருக்கிறார். படுக்கப் போகும்போது இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொள்கிறேன். சிடி4 500ஐத் தாண்டிவிட்டால் எச்.ஐ.வி. மருந்தை நிறுத்தலாமா? லேசாகத் தும்மினாலே எய்ட்ஸ் வந்துவிட்டதோ என்று தூக்கம் போய்விடுகிறது. மனைவிக்குப் பரிசோதனையில் நெகட்டிவ். நாங்கள் குழந்தை பெற்றுக்கொள்ள முடியுமா? ஒரு நாளைக்கு ஐந்தாறு சிகரெட் பிடிப்பேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: மருந்து நன்றாகவே வேலை செய்கிறது. இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், மீதியை நிதானமாகப் படிக்கலாம்.

உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் இரண்டு எண்களும் வெவ்வேறு விஷயங்களைச் சொல்கின்றன. வைரல் லோடு என்பது ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் வைரஸ் எத்தனை பிரதிகள் இருக்கிறது என்ற கணக்கு. சிடி4 என்பது ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில், எதிர்ப்புச் சக்தியை வழிநடத்தும் அந்த வெள்ளணுக்கள் எத்தனை இருக்கின்றன என்ற கணக்கு. மாத்திரை நேரடியாகக் கை வைப்பது முதலாவதில் மட்டும்தான். எச்.ஐ.வி. தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றிக்கொண்டால்தான் நம் செல்லுக்குள் குடியேற முடியும். அந்த மாற்றத்தை டெனோஃபோவிரும் லாமிவுடினும் தடுக்கின்றன. அதையும் மீறி உருவாகும் டி.என்.ஏ. நம் மரபணுவோடு போய் இணைவதை டோலுடெக்ராவிர் தடுக்கிறது. இந்த மூன்றில் எதுவும் சிடி4 அணுக்களை உற்பத்தி செய்வதில்லை. அது உடம்பு தானாகச் செய்ய வேண்டிய வேலை.

சிகிச்சை இல்லாத உடம்பில் ஒரு நாளைக்குச் சுமார் 1,000 கோடி வைரஸ்கள் உருவாகின்றன என்று 1990களின் நடுவிலேயே கணக்கிட்டார்கள். இரவு பகலாக மோட்டார் போட்டு இறைத்த கிணறு என்று வைத்துக்கொள்ளுங்களேன். மாத்திரை அந்த மோட்டாரை நிறுத்திவிட்டது. தண்ணீர் ஏறுவது இனி ஊற்றின் வேகத்தில்தான். மட்டம் எவ்வளவு கீழே போயிருந்தது, எத்தனை ஆண்டுகள் இறைத்தார்கள் என்பதைப் பொறுத்து அந்த வேகம் ஆளுக்கு ஆள் மாறும். சிகிச்சையின் முதல் ஆண்டில் சிடி4 50 முதல் 150 வரை ஏறுவது வழக்கம். உங்களுக்கு ஆறு மாதத்தில் 54 ஏறியிருக்கிறது. இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. சிடி4 அணுக்களையும் உள்ளடக்கிய வெள்ளணு வகைக்கு லிம்போசைட் என்று பெயர். ரத்தத்தில் ஓடுவது நம் மொத்த லிம்போசைட்டுகளில் ஏறக்குறைய 2 சதவீதம்தான். மிச்சமெல்லாம் நிணநீர்க் கணுக்களிலும் குடல் சுவரிலும் மற்ற திசுக்களிலும் இருக்கின்றன. எச்.ஐ.வி. தொற்றிய முதல் சில வாரங்களில் பெரிய இழப்பு குடலில்தான் நடக்கிறது. அங்கே நடக்கும் பழுதுபார்ப்பு எந்த லேப் ரிப்போர்ட்டிலும் தெரியாது.

இப்போது நீங்கள் அனுப்பிய இரண்டு ரிப்போர்ட்டுக்கு வருவோம். 287, 341 என்ற எண்களைத்தான் பார்த்துக் கலங்கியிருக்கிறீர்கள். பக்கத்திலிருக்கும் சதவீதத்தை எழுதி அனுப்பினீர்களே தவிர, அதைப் பார்க்கவில்லை என்று தோன்றுகிறது. சிடி4 எண்ணிக்கை என்பது மொத்த லிம்போசைட்டுகளில் சிடி4 எவ்வளவு பங்கு என்பதிலிருந்து வருவது. முதல் ரிப்போர்ட்டில் 17 சதவீதம் 287 என்றால், அன்று உங்கள் மொத்த லிம்போசைட் சுமார் 1,690. இரண்டாவதில் 23 சதவீதம் 341 என்றால், மொத்தம் சுமார் 1,480. அதாவது இரண்டாவது முறை மொத்தமே குறைந்திருக்கிறது. சளி காய்ச்சல் இருக்கும் வாரத்தில் அப்படிக் குறைவது சாதாரணம். மொத்தம் முன்பு மாதிரியே 1,690 இருந்திருந்தால் அதே 23 சதவீதம் உங்களுக்கு 390ஐ ஒட்டி வந்திருக்கும். வேறு எதுவும் மாறியிருக்க வேண்டியதில்லை, காய்ச்சல் இல்லாத வாரமாக மட்டும் இருந்திருந்தால் போதும்.

அதனால்தான் டாக்டர்கள் சதவீதத்தையும் சேர்த்துப் பார்க்கிறோம். அது அவ்வளவு சுலபமாக ஆடுவதில்லை. எண்ணிக்கையோ ஒரே நாளில் காலைக்கும் மாலைக்கும்கூட மாறும். ஸ்டீராய்டு மருந்து சாப்பிட்டால் மாறும், லேப் மாறினால் மாறும். முடிந்தவரை ஒரே லேபில், ஏறக்குறைய ஒரே நேரத்தில், உடம்பு நன்றாக இருக்கும்போது எடுங்கள். 17லிருந்து 23 சதவீதம் என்பது நல்ல ஏற்றம்.

சரி, 500ஐ எப்போது தொடும்? தேதி சொல்ல முடியாது. 200க்கும் மிகக் கீழே போன பிறகு சிகிச்சை ஆரம்பித்தவர்களுக்குப் பல ஆண்டுகள் ஆகலாம், சிலருக்கு 500 வராமலேயே போகலாம். நீங்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை. வராமல் போனால்தான் என்ன என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. வைரஸ் அடங்கியிருக்கும் ஒருவரின் 350ம், வைரஸ் பெருகிக்கொண்டிருக்கும் ஒருவரின் 350ம் ஒன்றல்ல. முதலாமவருக்கு அது ஏறும் வழியில் இருக்கும் ஒரு படி, இரண்டாமவருக்கு இறங்கும் வழியில் இருக்கும் படி. வைரஸ் அடங்கியிருந்தும் சிடி4 மெதுவாக ஏறுகிறது என்பதற்காக மாத்திரையை மாற்றுவதாலோ, கூட ஒன்றைச் சேர்ப்பதாலோ பலன் கிடையாது. யாராவது அப்படி மாற்றச் சொன்னால் காரணம் கேளுங்கள்.

எண்ணிக்கையை வேறு வழியில் ஏற்றிப் பார்க்கலாமே என்று ஆராய்ச்சியாளர்களும் நினைத்தார்கள். இன்டர்லூகின்-2 என்ற ஊசியை எச்.ஐ.வி. மருந்தோடு சேர்த்துக் கொடுத்தார்கள். இரண்டு பெரிய ஆய்வுகள், சேர்த்து 5,800 பேர் அளவில். முடிவுகள் 2009இல் வெளிவந்தன. ஊசி போட்டவர்களுக்கு சிடி4 நன்றாகவே ஏறியது. ஆனால் அவர்களுக்கு நோய் குறையவில்லை, மரணமும் குறையவில்லை. அவ்வளவு செலவழித்து, அவ்வளவு கவனமாகச் செய்த ஆய்வின் முடிவே இதுதான். ‘எதிர்ப்புச் சக்தி மாத்திரை’ என்று அட்டையில் அச்சடித்த எதைப் பார்த்தாலும் எனக்கு இந்த ஆய்வுகள்தான் ஞாபகம் வரும்.

அண்ணன் வாங்கித் தந்த டப்பாவுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிஜமாகவே நிமிர்ந்து உட்கார வைத்த வரி அதுதான். அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். கால்சியம், இரும்பு, துத்தநாகம், மக்னீசியம் இவற்றில் ஏதாவது ஒன்றாவது இருக்கும். இந்தத் தாதுக்கள் வயிற்றில் டோலுடெக்ராவிரைப் பிடித்துக்கொள்ளும். பிடிபட்ட மருந்து ரத்தத்துக்குப் போகாது. நீங்களோ வெறும் வயிற்றிலா சாப்பிட்ட பிறகா என்று சொல்லாமல், படுக்கும்போது இரண்டையும் ஒன்றாக விழுங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். எதிர்ப்புச் சக்திக்கென்று போட்டுக்கொள்வது, எதிர்ப்புச் சக்தியைக் காப்பாற்றும் மருந்தையே மட்டுப்படுத்தக்கூடும். வைரல் லோடு இதுவரை அடங்கியே இருப்பதால் பயப்பட வேண்டாம். ஆனால் இன்று ராத்திரியிலிருந்தே பழக்கத்தை மாற்றுங்கள்.

எச்.ஐ.வி. மாத்திரையை முதலில் போட்டு, குறைந்தது 2 மணி நேரம் கழித்துச் சத்து மாத்திரை போடலாம். சத்து மாத்திரையை முதலில் போட்டுவிட்டால் 6 மணி நேரம் காத்திருக்க வேண்டும். கால்சியமோ இரும்போ மட்டும் என்றால், சாப்பாட்டோடு சேர்த்து இரண்டையும் ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்ற விதிவிலக்கும் உண்டு. அலுமினியம், மக்னீசியம் கலந்த நெஞ்செரிச்சல் மருந்துகளுக்கு அந்தச் சலுகை இல்லை, இடைவெளி கட்டாயம். என்னைக் கேட்டால், ரத்தப் பரிசோதனையில் ஏதாவது ஒரு குறைபாடு தெரிந்தால் ஒழிய அந்த டப்பாவே வேண்டாம். அண்ணன் மனம் நோகாமல் சொல்லிவிடுங்கள். அவரிடம் கேட்க வேண்டிய உதவி வேறு இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

மூலிகைப் பொடி, லேகியம் என்று யாராவது தந்தாலும் இதே எச்சரிக்கைதான். என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத எதையும் எச்.ஐ.வி. மருந்தோடு சேர்க்காதீர்கள். வலிப்பு மருந்துகள் சில, காசநோய்க்கான ரிஃபாம்பிசின், சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் ஆகியவையும் டோலுடெக்ராவிரோடு ஒன்றையொன்று பாதிக்கும். ரிஃபாம்பிசின் வேண்டியிருந்தால் டோலுடெக்ராவிரைக் காலை, மாலை என்று இரண்டு வேளையாக்குவோம். மெட்ஃபார்மின் என்றால் அதன் அளவைக் கட்டுப்படுத்துவோம். எதற்காக எந்த டாக்டரிடம் போனாலும் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதைச் சொல்ல வேண்டியிருப்பது இதனால்தான்.

அடுத்தது, 500 தாண்டினால் நிறுத்தலாமா? கூடாது. இது என் அபிப்பிராயம் மட்டும் அல்ல, செய்து பார்த்த விஷயம். 2006இல் வெளியான ஓர் ஆய்வில் 5,472 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பாதியினர் மருந்தைத் தொடர்ந்தார்கள். மறுபாதியினர் சிடி4 350க்கு மேலே போனதும் நிறுத்தி, 250க்குக் கீழே இறங்கியதும் மறுபடி ஆரம்பித்தார்கள். நிறுத்தி நிறுத்திச் சாப்பிட்டவர்களுக்குச் சந்தர்ப்பவாதத் தொற்றோ (எதிர்ப்புச் சக்தி குறைந்ததைப் பயன்படுத்தி வரும் தொற்று) மரணமோ வரும் வாய்ப்பு 2.6 மடங்கு அதிகமாக இருந்தது. எச்.ஐ.வி.யோடு நேரடித் தொடர்பில்லாத இதய, சிறுநீரக, கல்லீரல் நோய்களும் அவர்களுக்குத்தான் கூடுதலாக வந்தன. மருந்து மிச்சமானால் பக்க விளைவு குறையும் என்று எதிர்பார்த்துத் தொடங்கிய ஆய்வு அது. நடுவிலேயே நிறுத்தும்படி ஆனது.

காரணம் இதுதான். ரத்தத்தில் வைரஸ் தெரியவில்லை என்றாலும், ஓய்வில் இருக்கும் சில சிடி4 அணுக்களின் மரபணுவுக்குள் அது பதுங்கிக் கிடக்கிறது. பெருகாமல் கிடக்கும் வைரஸை மருந்தால் தொட முடியாது. அந்தப் பதுங்கிடம் பாதியாகக் குறையவே சராசரியாக 44 மாதங்கள் ஆகும் என்று 2003இல் கணக்கிட்டார்கள். அந்த வேகத்தில் முழுவதும் காலியாக ஒரு மனித ஆயுள் பத்தாது. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் வைரஸ் திரும்பிவிடும். எச்.ஐ.வி.யிலிருந்து முழுக்க விடுபட்டவர்கள் என்று செய்தியில் வரும் அந்த ஒரு சிலர் பெரும்பாலும் ரத்தப் புற்றுநோய் போன்றவற்றுக்காக ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள். உயிருக்கே ஆபத்தான அந்தச் சிகிச்சையை எச்.ஐ.வி.க்காக மட்டும் யாரும் செய்வதில்லை.

உங்கள் மாத்திரைக்கு ஹெபடைடிஸ் பி வைரஸையும் அடக்கும் குணம் உண்டு. அந்தத் தொற்றும் இருக்கும் ஒருவர் திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் மோசமாக வீங்கிவிடக்கூடும். உங்களுக்கு ஹெபடைடிஸ் பி பரிசோதனை செய்தார்களா என்று பழைய ரிப்போர்ட்டில் பாருங்கள். இல்லையென்றால் அடுத்த முறை கேட்டு வாங்குங்கள். நெகட்டிவ் என்றால் அதற்கான தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளையும் அதே கையோடு கேளுங்கள். அம்மை போன்றவற்றுக்கான உயிருள்ள தடுப்பூசிகளைத்தான் சிடி4 200க்குக் கீழே இருக்கும்போது தவிர்ப்போம்.

ஒரு வேளை மாத்திரை மறந்துவிட்டால்? ஞாபகம் வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட்டு வழக்கமான நேரத்தில் ஒன்று மட்டும் போடுங்கள், இரண்டாகப் போடாதீர்கள். ராத்திரி தூக்கம் சரியில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கவலையும் காரணமாக இருக்கலாம், டோலுடெக்ராவிரும் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். உங்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் காலைக்கு மாற்றிப் பாருங்கள். இன்னொரு விஷயம், ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் ஒரு கழிவுப்பொருள்) கொஞ்சம் கூடியிருந்தால் சிறுநீரகம் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். டோலுடெக்ராவிர் கிரியாட்டினின் வெளியேறுவதை லேசாகத் தடுக்கும், முதல் சில வாரங்களில் அந்த எண் சற்று ஏறி அங்கேயே நிற்கும். ஏறிக்கொண்டே போனால்தான் டெனோஃபோவிரைச் சந்தேகிப்போம்.

தும்மலுக்கு வருவோம். எய்ட்ஸ் என்று சொல்வது சிடி4 200க்குக் கீழே போகும்போதோ, குறிப்பிட்ட சில கடுமையான தொற்றுகளோ புற்றுநோய்களோ வரும்போதோதான். நீங்கள் தொடங்கிய இடமே அதற்கு மேலே. உங்களுக்கு வருவது ஊரில் எல்லோருக்கும் வருகிற அதே சளிதான். ஆனால் காசநோய் மட்டும் சிடி4 எவ்வளவு இருந்தாலும் வரக்கூடியது. இருமல், காய்ச்சல், ராத்திரி வியர்வை, காரணமில்லாமல் எடை குறைவது, இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் போய்ப் பாருங்கள். மற்றவர்களுக்கு இருமல் இரண்டு வாரம் நீடித்தால் பார்க்கச் சொல்வோம், எச்.ஐ.வி. உள்ளவர்கள் அவ்வளவு நாள் காத்திருக்கக் கூடாது. காசநோய் இல்லை என்று உறுதியானால், அது வராமல் தடுக்கும் மாத்திரையைச் சில மாதங்கள் தருவது உண்டு. உங்களுக்குக் கொடுத்தார்களா என்று தெரியவில்லை, கேட்டுப் பாருங்கள்.

சிகரெட்டைக் கடைசியில் கூச்சத்தோடு சேர்த்திருக்கிறீர்கள். எனக்கு அதுதான் சிடி4ஐ விடப் பெரிய கவலை. வைரஸ் அடங்கிய பிறகும் உடம்பில் ஓர் அழற்சி மெல்லிய அளவில் ஓடிக்கொண்டிருக்கும். ரத்தக்குழாய்களுக்கு அது நல்லதல்ல, சிகரெட்டும் அதே இடத்தில்தான் போய் அடிக்கிறது. டென்மார்க்கில் சிகிச்சையில் இருந்தவர்களை வைத்து 2013இல் வெளியிட்ட கணக்கின்படி, 35 வயது எச்.ஐ.வி. நோயாளி ஒருவர் புகைப்பதால் இழக்கும் ஆயுள் 12.3 ஆண்டுகள், எச்.ஐ.வி.யால் இழப்பது 5.1 ஆண்டுகள். ஏறக்குறைய உங்கள் வயதுதான். அண்ணனிடம் கேட்கச் சொன்ன உதவி இதுதான். டப்பா வாங்கித் தருவதற்குப் பதில், சிகரெட்டை விட உங்களுக்குத் துணையாக இருக்கச் சொல்லுங்கள். நிகோட்டின் சூயிங்கம், தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டை எதுவும் உங்கள் மாத்திரையோடு முரண்படாது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, எடை ஆகியவற்றை வருடத்துக்கு ஒரு முறையாவது பாருங்கள். டோலுடெக்ராவிரில் சிலருக்கு எடை கூடும். 40 வயதைத் தாண்டியதும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை பற்றிப் பேச வேண்டியிருக்கும். எச்.ஐ.வி. உள்ள 7,769 பேரை வைத்துச் செய்து 2023இல் வெளியான ஆய்வில், பிட்டாவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 35 சதவீதம் குறைந்தன.

இனி குழந்தை. முடியும், அதுவும் இயற்கையாகவே. மருந்து சாப்பிட்டு வைரஸ் அடங்கிய ஒருவரிடமிருந்து உடலுறவின் மூலம் எச்.ஐ.வி. பரவுவதில்லை. ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத 888 தம்பதிகளையும் இணைகளையும் பின்தொடர்ந்து 2016இல் வெளியான ஆய்வில், ஆணுறை இல்லாமல் சுமார் 58,000 முறை உறவு கொண்டும், இணையிடமிருந்து தொற்றியது ஒருவருக்குக்கூட இல்லை. 2019இல் வந்த அதன் தொடர்ச்சியிலும் அதே பூஜ்யம்தான். இதில் வேலை செய்வது வைரல் லோடு, சிடி4 அல்ல. உங்கள் 341 இதற்குக் குறுக்கே நிற்காது. அப்பாவிடமிருந்து குழந்தைக்கு நேராக எச்.ஐ.வி. போவதும் கிடையாது. அம்மாவுக்குத் தொற்றினால்தான் குழந்தைக்கு ஆபத்து.

ஒரு முறை ‘கண்டறியப்படவில்லை’ என்று வந்ததை வைத்து மட்டும் நான் பச்சைக்கொடி காட்ட மாட்டேன். சத்து மாத்திரையைப் பிரித்துவிட்டு, இரண்டு மூன்று மாதம் கழித்து இன்னொரு வைரல் லோடு எடுங்கள். அதுவரை ஆணுறை. அதுவும் அடங்கியே வந்தால் தாராளமாக முயலலாம். மனைவிக்கு எச்.ஐ.வி. பரிசோதனையை இப்போது ஒரு தடவை திரும்பச் செய்துகொள்ளுங்கள். உங்களுக்கு நோய் தெரிவதற்கு முன் இருந்த உறவில் தொற்றியிருந்தால் அவருடைய முதல் பரிசோதனையில் தெரியாமல் போயிருக்கலாம். இருவரும் சிஃபிலிஸ் போன்ற மற்ற பால்வினைத் தொற்றுகளுக்கும் பார்த்துக்கொள்ளுங்கள். அவருக்கு மனதில் பயம் விடவில்லை என்றால், கருத்தரிக்க முயலும் மாதங்களில் மட்டும் எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் மாத்திரையை அவர் எடுத்துக்கொள்ளலாம். மருத்துவ ரீதியாகத் தேவையில்லை, ஆனால் நிம்மதியாக இருக்கும் என்றால் தடை சொல்ல மாட்டேன். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள், இந்தக் கேள்வியை அவரே கேட்கட்டும்.